பாறையை ஏன் சில மாதங்களுக்கு மூடுகிறார்கள்? கூட்டில் இருக்கும் வல்லூறும் கயிற்றில் ஏறும் மனிதரும்

பாறையேற்றம் பழகத் தொடங்கும் எவரும் சீக்கிரமே இப்படி ஒரு பலகையைச் சந்தித்துவிடுவார்கள்: "இரைகொல்லிப் பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம். இந்தப் பாறையில் ஏற அனுமதி இல்லை." கீழே இரண்டு தேதிகள் இருக்கும். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் பெரும்பாலும் மார்ச் 1 முதல் ஜூலை 15 வரை. கொலராடோவில் போல்டர் நகரை ஒட்டி நிற்கும் ஃபிளாட்அயர்ன்ஸ் பாறைகளில் பிப்ரவரி 1 முதல் ஜூலை 31 வரை. பிரிட்டனில் பல இடங்களில் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ தொடங்கி ஜூன் கடைசி வரை போகும்.

பலகையைப் பார்த்ததும் பேச்சு கிளம்பிவிடும். பறவை கொத்திவிடும், நம் பாதுகாப்புக்காகத்தான் மூடுகிறார்கள் என்பார் ஒருவர். நகரத்தில் உயரக் கட்டடங்களிலேயே குடித்தனம் நடத்துகிறது, அதற்கு மனிதர்கள் பழக்கம்தானே என்பார் இன்னொருவர். முட்டையே இன்னும் இடவில்லை, அதற்குள் என்ன அவசரம் என்பார்கள். அழியும் இனங்களின் பட்டியலிலிருந்துதான் எடுத்தாயிற்றே என்பார்கள். நாம் பாட்டுக்குச் சத்தம் போடாமல் ஏறிவிட்டு இறங்கினால் யாருக்கு என்ன நஷ்டம் என்ற கேள்வியும் கட்டாயம் வரும்.

இவை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் இத்தனை தூரம் பரவுகின்றன. எல்லாவற்றிலும் விடுபட்டுப்போவது ஒரே விஷயம். இந்தத் தடை காப்பாற்றுவது தாய்ப்பறவையின் நேரத்தை. நீங்கள் பாறையில் இருக்கும் வரை அது செய்ய முடியாமல் நின்றுபோகும் வேலைகளில்தான் சேதம் இருக்கிறது. நீங்கள் கூட்டைத் தொட வேண்டியதே இல்லை.

அடைக்கோழியிடமிருந்து தொடங்கலாம்

அடை உட்கார்ந்த கோழியைப் பார்த்திருப்பீர்கள். கூடையின் மூலையில் உடம்பைப் பரப்பிக்கொண்டு கல்போல உட்கார்ந்திருக்கும். நாளுக்குச் சில நிமிடம் எழுந்து போய் இரையும் தண்ணீரும் எடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துவிடும். அந்த நேரத்தில் பிள்ளைகள் அடிக்கடி கூடையைத் திறந்து பார்த்தால் என்ன ஆகும்? கோழி எழுந்துவிடும். முட்டையை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், உடைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பல முட்டைகள் கூமுட்டை ஆகிவிடும். "அந்தப் பக்கம் போகாதே" என்று பெரியவர்கள் அதட்டுவது இதனால்தான்.

அடைகாத்தல் என்பது, முட்டைக்குள் இருக்கும் கரு வளர்வதற்காகத் தாய் தன் உடல் சூட்டை விடாமல் கொடுப்பது. இதில் முக்கியமானது "விடாமல்" என்ற பகுதி. சூடு ஒரு மணி நேரம் அதிகமாகக் கொடுத்து, அடுத்த ஒரு மணி நேரம் விட்டதைச் சரிக்கட்ட முடியாது.

கோழிக்கும் வல்லூறுக்கும் இதுவரை ஒன்றுதான். கோழி வீட்டுக்குள் இருக்கிறது, மனிதர்களோடு வளர்ந்தது. செங்குத்துப் பாறையின் நடுவே உட்கார்ந்திருக்கும் வல்லூறுக்கு மேலே கூரை இல்லை. அந்த உயரத்தில் தன்னைத் தவிர வேறு பெரிய உயிர் வரும் என்று அது எதிர்பார்ப்பதும் இல்லை.

எந்தப் பறவைகள், ஏன் அதே பாறை

இரைகொல்லிப் பறவைகள் என்று சொல்வது, கூர்நகங்களால் உயிருள்ள இரையைப் பிடித்துத் தின்னும் வல்லூறு, கழுகு வகைகளை. பாறை மூடல் அறிவிப்புகளில் அடிக்கடி வரும் பெயர்கள் மூன்று: பெரெக்ரின் வல்லூறு, பிரெய்ரி வல்லூறு, பொன்னாங்கழுகு. இதில் பெரெக்ரின்தான் உலகம் முழுக்கப் பரவியிருப்பது. இரையை நோக்கிப் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் பறவை.

அவ்வளவு பெயர் பெற்ற பறவை கூடு என்று ஒரு சுள்ளியைக்கூடக் கொண்டுவந்து வைப்பதில்லை. செங்குத்துப் பாறையில் படிபோல நீட்டிக்கொண்டிருக்கும் திட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கே காற்று கொண்டுவந்து சேர்த்த மண்ணிலும் பொடிக்கல்லிலும் மார்பை அழுத்திக் கால்களால் பின்னோக்கிச் சீய்த்து ஒரு சின்னக் குழி பறிக்கும். ஆழம் சில சென்டிமீட்டர்தான். அதில் செம்பழுப்புப் புள்ளிகள் அப்பிய மூன்று அல்லது நான்கு முட்டைகள். அவ்வளவுதான் வீடு. கீழே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. எனவே "அங்கே கூடு எதுவும் இல்லையே, நானே பார்த்தேன்" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, தேடியது தவறான பொருளை.

பொன்னாங்கழுகு நேர்மாறு. சுள்ளிகளை அடுக்கி ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டே போகும். பழைய கூடுகள் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கும். ஒரே ஜோடி தன் எல்லைக்குள் இரண்டு மூன்று கூடுகளை வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஆண்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்.

வேறு பாறைக்குப் போகட்டுமே என்ற கேள்வி இங்கேதான் வரும். நல்ல திட்டு அரிது. நரி ஏற முடியாத செங்குத்து வேண்டும். மேலிருந்து மழையும் கல்லும் விழாதபடி கொஞ்சம் முன்னே துருத்திய பாறை வேண்டும். முட்டை உருளாத சமதளம் வேண்டும், குழி பறிக்கக் கொஞ்சம் மண் வேண்டும், முன்னே வெட்டவெளி வேண்டும். இத்தனையும் பொருந்திய திட்டுகளை வல்லூறுகள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்துகின்றன. பக்கத்துப் பாறை காலியாக இருப்பதுபோல் தெரியும், ஆனால் அது இன்னொரு ஜோடியின் எல்லைக்குள் இருக்கலாம், அல்லது அங்கே உருப்படியான திட்டே இல்லாமல் இருக்கலாம். பாறையேறிகள் தேடுவதும் கிட்டத்தட்ட இதே பாறையைத்தான்: உயரமானது, செங்குத்தானது, உதிராதது. இருவருக்கும் ஒரே இடம் பிடித்துப்போனதுதான் பிரச்சினையின் வேர். இதில் யாரும் வில்லன் இல்லை.

சத்தம் அல்ல, நீங்கள் நிற்கும் உயரம்

பறவை எதைக் கண்டு பயப்படுகிறது என்பதை நாம் நம் அளவுகோலில் யோசிப்பதால்தான் "சத்தம் போடாமல் ஏறினால் போதும்" என்று தோன்றுகிறது. வல்லூறு கண்ணால் வாழும் பறவை. மூச்சு விடாமல் ஏறினாலும் நீங்கள் பாறையடிக்கு வந்து சேரும் முன்பே அது உங்களைப் பார்த்திருக்கும்.

அதற்கு உயரம்தான் பலம். மேலே இருப்பவர் தாக்கலாம், கீழே இருப்பவர் தாக்கப்படலாம், அதன் உலகம் இப்படி இயங்குகிறது. எனவே 200 மீட்டர் கீழே பாதையில் நடந்துபோகும் கூட்டத்தை அது பெரும்பாலும் சட்டை செய்யாது. அதே மனிதர் அதன் மட்டத்துக்கு வந்தாலோ, தலைக்கு மேலே பாறை விளிம்பில் தோன்றினாலோ நிலைமை வேறு. மேலிருந்து கயிற்றில் இறங்கி வருபவர் அதன் கணக்கில் மிக மோசமான வருகையாளர்.

கலையும் தூரம் என்று ஒன்று உண்டு. ஆபத்து எவ்வளவு நெருங்கினால் பறவை இருந்த இடத்தை விட்டு எழுந்து போகுமோ அந்தத் தூரம். இது எல்லாப் பறவைக்கும் ஒன்றல்ல. ஒரே பாறையில் சென்ற ஆண்டு இருந்த பெண் வல்லூறு பொறுத்துக்கொண்டிருக்கலாம், இந்த ஆண்டு வந்தது பொறுக்காமல் போகலாம். எழுந்து போவதற்கு முன்னும் சில அறிகுறிகள் உண்டு: இறகு கோதுவதை நிறுத்தும், உடம்பை நிமிர்த்தும், ஒரே பக்கம் வெறிக்கும். இதெல்லாம் தொலைநோக்கி வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். பாறையில் இருப்பவருக்கு முதலில் தெரிவது "கெக்-கெக்-கெக்" என்று விடாமல் ஒலிக்கும் கரகரப்பான அபாயக் குரல். அந்தக் குரல் கேட்கும்போது பெரும்பாலும் பறவை ஏற்கெனவே முட்டையை விட்டு எழுந்துவிட்டது என்று பொருள்.

சரி, நகரத்து வல்லூறுகள்? உண்மைதான், பெரிய நகரங்களின் கோபுரங்களிலும் பாலங்களிலும் அவை குஞ்சு பொரிக்கின்றன. அங்கே மனிதர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். கீழே தெருவில் இருக்கிறார்கள், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறார்கள், தினமும் அதே இடத்தில் அதே வேலையைச் செய்கிறார்கள். பறவை பழகிக்கொண்டது, மாறாமல் நடக்கும் அந்த ஓட்டத்துக்கு. அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரில் ஒருவர் கயிறு கட்டித் திட்டுக்குப் பக்கத்தில் தோன்றினால் நகரத்து வல்லூறும் அலறிக்கொண்டு பாயும்.

நேரத்தின் கணக்கையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். பாதையில் நடப்பவர் இரண்டு நிமிடத்தில் கடந்துபோய்விடுவார். பாறையேற்றம் அப்படி இல்லை. ஒருவர் ஏற, இன்னொருவர் கீழிருந்து கயிற்றைப் பிடிக்க, கடினமான இடத்தில் விழுந்து விழுந்து மறுபடி முயல, பின் அடுத்தவர் ஏற என்று ஒரே ரூட்டில், அதாவது பாறையில் ஏறும் ஒரே தடத்தில், அரை நாள் போய்விடும். அவர்கள் இறங்கினதும் அடுத்த ஜோடி காத்துக்கொண்டிருக்கும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: வல்லூறு கண்ணால் அறிகிறது, தன் மட்டத்திலும் மேலேயும் வருபவரை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது, பாறையேறி அங்கே நீண்ட நேரம் இருக்கிறார். அந்த நேரம் முழுக்க திட்டில் என்ன நடக்கிறது என்பது அடுத்த கேள்வி.

தாய் இல்லாத ஒரு மணி நேரம்

முதலில் எழுந்து போகும் அந்தக் கணமே ஆபத்தானது. அடைகாக்கும் வல்லூறு, நகம் முட்டையில் படாதபடி விரல்களை மடக்கிக்கொண்டு மெல்ல அசையும். திடீரென்று மிரண்டு கிளம்பும்போது அந்த நிதானம் போய்விடும். முட்டை கீறப்படும், அல்லது திட்டிலிருந்து உருண்டு விழும்.

பின்பு குளிர். வசந்தத்தின் தொடக்கத்தில் பாறையில் அடிக்கும் காற்றில் முட்டை எவ்வளவு வேகமாக ஆறும் என்பதை அங்கே ஏறியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் விரல்களே மரத்துப்போயிருக்கும். குஞ்சு பொரித்துவிட்டால் தப்பித்தது என்றும் இல்லை. புதிதாகப் பொரித்த குஞ்சின் மேல் வெள்ளைத் தூவி இருந்தாலும், முதல் பத்து நாள்கள் வாக்கில் அதற்குத் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. குளிரில் தாய் போர்வையாக இருக்க வேண்டும். வெயில் நேராக விழும் திட்டாக இருந்தால் அதே தாய் சிறகை விரித்து நிழலாக நிற்க வேண்டும். அனல் பறக்கும் பாறையில் நிழல் இல்லாத ஒரு மதியம் குஞ்சுக்குப் போதும்.

அப்புறம் திருடர்கள். ரேவன் என்ற பெரிய அண்டங்காக்கை பாறையோரங்களைச் சுற்றிக்கொண்டே இருக்கும். தாய் அருகில் இருந்தால் கிட்ட வராது. தாய் பாறையேறியைத் துரத்துவதில் மும்முரமாக இருக்கிறது என்று தெரிந்தால் முட்டையைத் தூக்கிப் போவதற்கு அதற்குச் சில நொடிகள் போதும்.

சாப்பாட்டையும் மறந்துவிடுகிறோம். இந்த வாரங்களில் பெரும்பாலும் ஆண் வேட்டையாடும். இரையோடு வந்து குரல் கொடுக்கும், பெண் எழுந்து வந்து அந்தரத்திலேயே வாங்கிக்கொண்டு திட்டுக்குப் போகும். பாறையில் ஆள் இருந்தால் ஆணும் வேட்டையை விட்டுவிட்டு எல்லையைக் காக்கச் சுற்றும். நான்கு குஞ்சுகள் வாய் திறந்து காத்திருக்கும் நாளில் இரண்டு வேளை தவறினால், கடைசியாகப் பொரித்த சின்னக் குஞ்சு முதலில் அடிபடும்.

எனக்கு இவற்றில் மிகக் கொடுமையாகத் தோன்றுவது குஞ்சு ஓரளவு வளர்ந்தபின் நடப்பது. ஐந்து வாரக் குஞ்சு பார்வைக்குப் பெரிய பறவை மாதிரியே இருக்கும், ஆனால் சிறகு இறகுகள் முழுதாக வளர்ந்திருக்காது. திட்டின் மேல் திடீரென்று ஒரு கை தெரிந்தாலோ கயிறு விழுந்தாலோ அது பயந்து குதித்துவிடும். பறக்கத் தெரியாத பறவை செங்குத்துப் பாறையிலிருந்து குதித்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. உயிரோடு கீழே விழுந்தாலும் நரிக்குத் தப்புவது கடினம். அதனால்தான் இந்தக் கடைசி வாரங்களில் ஆராய்ச்சியாளர்களே கூட்டை நெருங்கத் தயங்குவார்கள்.

இவை எதுவும் பாறையேறியின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர் பார்ப்பது தலைக்கு மேல் கத்திக்கொண்டு வட்டமிடும் ஒரு பறவையை. மாலையில் இறங்கி வீட்டுக்குப் போவார், பறவையும் திரும்பி வந்து முட்டைமேல் உட்காரும், எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். அந்த முட்டைகள் பொரியவில்லை என்பது வாரங்கள் கழித்து, தொலைநோக்கியோடு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் யாருக்கோ தெரியவரும். "நானும் ஏறினேன், ஒன்றும் ஆகவில்லை" என்ற அனுபவ வாதத்துக்கு இதனால்தான் மதிப்புக் குறைவு.

முட்டை இடும் முன்பே ஏன் மூட வேண்டும்?

தேதிகள் ஏன் இவ்வளவு நீளம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். பெரெக்ரின் ஒரு முட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு நாள் போல விட்டு இடும். கடைசி முட்டையை நெருங்கும்போதுதான் முழுமையாக அடை உட்காரும். அடைகாக்க ஏறக்குறைய 33 நாள். பொரித்த குஞ்சு திட்டை விட்டுப் பறக்க ஏறக்குறைய 6 வாரம். ஏப்ரல் முதல் வாரத்தில் முட்டையிட்டால் மே நடுவில் பொரிக்கும், ஜூன் கடைசியில் பறக்கும். பொன்னாங்கழுகுக்கு இன்னும் நீளம்: அடைகாக்க 6 வாரம், குஞ்சு வளர 10 வாரம் வாக்கில். எனவே கழுகு இருக்கும் பாறைகள் முன்னதாக மூடப்பட்டுத் தாமதமாகத் திறக்கப்படும்.

இந்தக் கணக்கில் மார்ச் மாதம் எங்கே வருகிறது? மார்ச்சில் ஜோடி இடம் பார்க்கிறது. ஆண் ஒரு திட்டில் குழி பறித்துக் காட்டும், பெண்ணை அழைக்கும், அந்தரத்தில் குட்டிக்கரணம் அடிக்கும், பெண் வந்து பார்த்துவிட்டு இன்னொரு திட்டுக்குப் போகும். இந்தக் கட்டத்தில் அவை அந்த இடத்தில் இன்னும் எதையும் போட்டுவைக்கவில்லை. முட்டை இட்டபின் தாய் எவ்வளவு தொந்தரவிலும் திரும்பி வரப் பார்க்கும், விட்டுப்போக மனம் வராது. இடம் பார்க்கும்போது அப்படி எந்தக் கட்டும் இல்லை. இரண்டு வார இறுதிகளில் ஆள் நடமாட்டத்தைக் கண்டால் நல்ல திட்டைக் கைவிட்டு மோசமான திட்டுக்குப் போய்விடும், அல்லது அந்த ஆண்டு முட்டையே இடாமல் விட்டுவிடும். காலியாகத் தெரியும் பாறைதான் எளிதில் பறிபோகும் பாறை.

தடையின் கடைசிப் பகுதியும் இதேபோல்தான். குஞ்சுகள் பறக்கத் தொடங்கிய அன்றே தடையை எடுத்துவிட முடியாது. முதல் பறத்தல் தட்டுத்தடுமாறித்தான் இருக்கும். பக்கத்துத் திட்டில் போய் இடித்துக்கொண்டு இறங்கும், அங்கேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அடுத்த சில வாரங்களுக்குப் பெற்றோர்தான் சோறு போட வேண்டும், வேட்டையைக் கற்பதும் அதே பாறையைச் சுற்றித்தான்.

முதல் தடவை முட்டை போனால் மறுபடி இடாதா என்றால், ஆரம்பத்திலேயே போனால் பெரெக்ரின் சில வாரங்களில் மறுபடி இட வாய்ப்பு உண்டு. ஆனால் காலம் தள்ளிப்போகும், தடையும் நீளும். குஞ்சு பொரித்தபின் இழந்தால் அந்த ஆண்டு அவ்வளவுதான்.

எவ்வளவு பாறை மூடப்படுகிறது, யார் முடிவு செய்கிறார்கள்?

மலை முழுதும் மூடப்படுவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் மூடப்படுவது சில ரூட்டுகள் அல்லது ஒரு பாறை முகம் மட்டுமே. கூட்டைச் சுற்றி ஆள் வரக்கூடாத பகுதியைக் காப்பு வளையம் என்பார்கள். வளையம் என்று சொன்னாலும் அது வட்டமாக இருக்காது. திட்டிலிருந்து பறவைக்கு எதெல்லாம் தெரிகிறது என்பதே அதன் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு மூலை திரும்பினால் 50 மீட்டர் தள்ளியே திறந்திருக்கலாம். எதிர்ப்பக்கம் நேர்ப் பார்வையில் இருக்கும் பாறை இன்னும் தொலைவில் இருந்தும் மூடப்படலாம். திட்டுக்குக் கீழே இருப்பதைவிட மேலே அதிக இடம் விடுவதும் இதனால்தான்.

எங்கே கூடு என்று சீசன் தொடங்கும்போது யாருக்கும் தெரியாது. யூட்டாவின் சயான் தேசியப் பூங்காவில் செய்யும் முறை இதைத் தெளிவாகக் காட்டும். வழக்கமாக வல்லூறு வரும் பாறைகள் எல்லாவற்றையும் மார்ச் தொடக்கத்தில் மூடிவிடுவார்கள். பின் கண்காணிப்பாளர்கள் ஒவ்வொரு பாறையாகத் தொலைநோக்கியில் பார்ப்பார்கள். எது இந்த ஆண்டு பயன்படவில்லை என்று உறுதியாகிறதோ அதை வசந்தத்திலேயே திறந்துவிடுவார்கள். கூடு உள்ள பாறைகள் மட்டும் குஞ்சு பறக்கும் வரை மூடியிருக்கும்.

இந்தக் கண்காணிப்பு பொறுமையைச் சோதிக்கும் வேலை. குளிரில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, பாறையில் வழியும் வெள்ளை எச்சக் கறையைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆண் இரையோடு எந்தப் பிளவுக்குள் போகிறது, எவ்வளவு நேரம் கழித்து வெளியே வருகிறது என்று மணி பார்த்து எழுத வேண்டும். பல இடங்களில் இதைச் செய்பவர்களில் தன்னார்வலர்கள் அதிகம், அவர்களில் பாறையேறிகளும் உண்டு. பாறையின் ஒவ்வொரு விரிசலையும் பெயர் சொல்லித் தெரிந்தவர்கள் அவர்கள்தானே. அந்த அறிவு இருப்பதால்தான் தடையை ஒரு முகம் முழுக்கப் போடாமல் ஐந்தாறு ரூட்டோடு நிறுத்த முடிகிறது.

அறிவிப்பில் கூடு சரியாக எங்கே என்று சொல்லாமல் மழுப்புவதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது. வல்லூறு முட்டையையும் குஞ்சையும் திருடி, பறவையை வைத்து வேட்டையாடுபவர்களுக்கு விற்கும் கள்ளச் சந்தை இன்றும் உள்ளது.

சுருக்கமாக: தொடக்கத்தில் தடை அகலம், தெரியத் தெரியக் குறுகும். கூடு தோற்றுப்போனால் முன்னதாகத் திறக்கும், தாமதமாக முட்டையிட்டால் தேதி தள்ளிப்போகும்.

பட்டியலிலிருந்து எடுத்தாயிற்றே?

இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி வயல்களில் கொட்டப்பட்டது. பூச்சியைத் தின்ற சிறு பறவை, அதைத் தின்ற வல்லூறு என்று நஞ்சு மேலே ஏற ஏற அடர்த்தியானது. வல்லூறின் உடலில் அது முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து சேர்வதைக் கெடுத்தது. ஓடு மெலிந்தது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கியது. பிரிட்டிஷ் ஆய்வாளர் டெரெக் ராட்கிளிஃப், பல பத்தாண்டுகளாகச் சேகரித்து வைக்கப்பட்டிருந்த முட்டை ஓடுகளை ஒப்பிட்டு, போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஓடு திடீரென்று மெலிந்ததை 1967-இல் வெளியிட்டார். அதற்குள் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் குஞ்சு பொரிக்கும் பெரெக்ரின் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அமெரிக்கா 1972-இல் டிடிடியைத் தடை செய்தது. 1975-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து அறியப்பட்டிருந்த பெரெக்ரின் ஜோடிகள் 324. கூண்டில் வளர்த்த ஆயிரக்கணக்கான குஞ்சுகள் காட்டில் விடப்பட்டன. 1999-இல் அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கியபோது ஜோடிகள் ஏறக்குறைய 1,650.

இந்தக் கதையில் பாறையேறிகளுக்கு ஓர் இடம் உண்டு. பறவையே இல்லை என்று ஆகிவிட்டிருந்த யோசெமிட்டியில், 1978-இல் எல் கபிட்டான் பாறையில் ஒரு பெரெக்ரின் ஜோடி கண்டுபிடிக்கப்பட்டது. அந்த உயரத்தில் அவற்றைப் பார்க்க முடிந்தது அங்கே ஏறுபவர்களால்தான். அதன்பின் வந்த ஆண்டுகளில் பாறையேறிகள் உயிரியலாளர்களோடு சேர்ந்து திட்டுகளுக்குப் போனார்கள். மெல்லிய ஓட்டு முட்டைகளை எடுத்துவிட்டு, தாய் அடையை விட்டுவிடாதபடி போலி முட்டைகளை வைத்தார்கள். எடுத்தவை ஆய்வகத்தில் கவனமாகப் பொரிக்க வைக்கப்பட்டன. பின் குஞ்சுகளைக் கொண்டுபோய்த் திட்டில் விட்டார்கள், தாய் அவற்றைத் தன் குஞ்சாக ஏற்று வளர்த்தது. பாறையேறி என்றாலே பறவைக்கு எதிரி என்று பேசுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்ணிக்கை மீண்டதற்கு முதல் காரணம் டிடிடி தடை, அடுத்தது குஞ்சுகளை விட்டது. பாறை மூடலால் மட்டும் இது நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பட்டியலிலிருந்து நீக்குவது, இந்த இனம் இப்போதைக்கு அழியாது என்று மட்டும்தான் சொல்கிறது. இந்தத் திட்டில் இந்த ஆண்டு குஞ்சு பறக்குமா என்பது வேறு கேள்வி. பறவைகள் பெருகப் பெருக அவை குடியேறும் பாறைகளும் கூடும், ஏறுபவர்களும் கூடிக்கொண்டே போகிறார்கள். மூடல் இப்போது முன்பைவிட அதிகம் தேவைப்படுவது அதனால்தான்.

சட்டமா, வேண்டுகோளா?

இரண்டும் உண்டு. பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டம், பெரெக்ரின் போன்ற பறவைகளைக் கூட்டிலோ அதன் அருகிலோ தெரிந்தே தொந்தரவு செய்வதைக் குற்றமாக்குகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. அங்கே எந்தப் பாறை எப்போது என்பதை பிரிட்டிஷ் மலையேற்றக் கவுன்சில், பறவைப் பாதுகாப்பு அமைப்புகளோடும் நில உரிமையாளர்களோடும் பேசி முடிவு செய்து தன் இணையப் பட்டியலில் வெளியிடுகிறது. அதில் தேதி இல்லாவிட்டாலும் சட்டம் பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது. அமெரிக்க தேசியப் பூங்காக்களில் மூடல் உத்தரவை மீறினால் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். கலிஃபோர்னியாவின் பினக்கிள்ஸ் பூங்காவில் பல பாறைகளுக்கு வேண்டுகோள் மட்டுமே, விலகிப் போவது ஏறுபவரின் பொறுப்பு.

வயோமிங்கின் டெவில்ஸ் டவரில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கும். அங்கே ஜூன் மாதம் ஏற வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது பறவைக்காக அல்ல, அந்தப் பாறையைப் புனிதமாகக் கருதும் பூர்வகுடி மக்களின் சடங்குகளுக்காக. வல்லூறுக்கான மூடல் தனி.

போகும் முன்பும் போன பிறகும்

கையேட்டுப் புத்தகத்தில் அச்சிட்ட தேதிகளை நம்பிப் போகாதீர்கள். அந்தந்தப் பூங்காவின் அல்லது மலையேற்றச் சங்கத்தின் பக்கத்தைக் கிளம்பும் முந்தைய நாள் மறுபடி பாருங்கள், சீசன் நடுவில் தேதி மாறும். கூடவே மூடல் பகுதியில் இல்லாத ஒரு ரூட்டையும் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டால், பாறையடியில் நின்று மனதோடு மல்லுக்கட்ட வேண்டியிராது. ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், வல்லூறுக்கு அது தன் எல்லைக்குள் பறந்து வந்த இன்னொரு பறவை.

திறந்திருக்கும் பாறையிலும் புதிதாக ஒரு ஜோடி வந்திருக்கலாம். ஒரு பறவை உங்களைச் சுற்றிக் கத்திக்கொண்டே இருந்தால், தாழப் பாய்ந்தால், நீங்கள் அங்கே இருப்பதுதான் காரணம். கயிற்றை மாட்டப் பாறையில் அடித்திருக்கும் அடுத்த போல்ட்வரை போய்விடலாம் என்று பார்க்காமல் பாதுகாப்பாக இறங்கக்கூடிய முதல் இடத்திலிருந்து இறங்குங்கள். எந்த ரூட், எந்த உயரம், எத்தனை மணி, பறவை எங்கிருந்து எழுந்தது என்று குறித்துக்கொண்டு பாறையை நிர்வகிப்பவர்களிடம் சொல்லுங்கள். படத்தை எங்கும் பதிவிட வேண்டாம். நீங்கள் தரும் அந்த நான்கு தகவல்களை வைத்துத்தான் அவர்கள் தொலைநோக்கியை எங்கே திருப்புவது, எத்தனை ரூட்டை மூடுவது, எத்தனையைத் திறந்தே விடுவது என்று முடிவு செய்வார்கள்.